குட்கா நாட்குறிப்பும் கச்சநத்தத்துப் புகாரும்

2018 செப்டம்பர் 5 அன்று மத்தியப் புலனாய்வுத் துறையினர் சென்னையில் ஒரு வீட்டைச் சோதனையிட்டனர். தமிழ்நாட்டுக் காவல்துறையின் தலைமை இயக்குநராக அன்று பணியில் இருந்த டி.கே. இராஜேந்திரனின் வீடு அது. சென்னை மாநகரக் காவல்துறையின் முன்னாள் ஆணையர் எஸ். ஜார்ஜ், அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ஆகியோரின் வீடுகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதே நாளில் சோதனை நடந்தது. சோதனைக்குப் பிறகும் தலைமை இயக்குநர் அதே நாற்காலியில் அமர்ந்து மாநிலம் முழுமைக்கும் ஆணை பிறப்பித்துக்கொண்டிருந்தார். 2019 ஜூன் 30 அன்று ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிக்கு எதுவும் நேரவில்லை.

வழக்கின் வரலாறு பலருக்கும் நினைவிருக்கும். புகையிலையும் நிக்கோட்டினும் கலந்த குட்கா, பான் மசாலாப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2013 மே மாதம் தடை செய்தது. 2016 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த குட்கா உற்பத்தியாளர் ஒருவரின் இடங்களில் வருமானவரித் துறை சோதனை நடத்தியபோது கணக்குக் குறிப்புகள் சிக்கின. பதவிகளின் சுருக்கெழுத்துகளும் அவற்றுக்கு எதிரே தொகைகளுமாக ஏறத்தாழ 40 கோடி ரூபாய் கைமாறியதாக அவற்றில் எழுதப்பட்டிருந்தது. வருமானவரித் துறை அந்தக் குறிப்புகளைத் தலைமைச் செயலாளருக்கும் காவல்துறைத் தலைமைக்கும் அனுப்பியது. பிறகு அந்தக் கடிதம் கோட்டையில் இல்லை என்றார்கள். 2017 நவம்பரில் போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தில் நடந்த சோதனையில், இதே விவகாரம் குறித்து அன்றைய காவல்துறைத் தலைவர் முதலமைச்சருக்கு எழுதிய கடிதம் ஓர் அறையிலிருந்து எடுக்கப்பட்டதாக வருமானவரித் துறையே உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசின் கோப்பு அரசு அலுவலகத்தில் கிடைக்காமல் வீட்டின் அறையில் கிடைக்கும் விந்தையை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 2018 ஏப்ரல் 26 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டோர் தம்மீதான குற்றச்சாட்டை மறுத்தனர். இந்த விவகாரத்தில் விசாரணை கோரி அரசுக்கு முதலில் எழுதியவனே நான்தான் என்று ஜார்ஜ் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார். குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. விசாரணையின்றித் தண்டிக்கப்படுவதன் பொருளைத் தலித் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எனவே யார் எவ்வளவு வாங்கினார் என்பதைத் தீர்மானிப்பது நம் வேலையன்று. அது நீதிமன்றத்தின் வேலை. அப்படிப்பட்ட குற்றச்சாட்டின் நிழலில் ஒரு துறை ஆண்டுக்கணக்கில் நடத்தப்படும்போது, அதன் கடைசிப்படியில், புகார் மனுவோடு நிலையத்து வாசலில் நிற்பவருக்கு என்ன நேர்கிறது என்பதே நம் கேள்வி.

இந்தத் தேதிகளோடு சிவகங்கை மாவட்டத்தின் தேதியொன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். உயர்நீதிமன்ற ஆணை வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. 2018 மே 28 இரவு மானாமதுரைப் பக்கத்துக் கச்சநத்தம் கிராமத்துக்குள் ஆதிக்கச் சாதிக் கும்பல் ஆயுதங்களோடு புகுந்து, இருளில் வீடு வீடாகத் தேடி வெட்டியது. மூன்று தலித்துகள் உயிரிழந்தனர், பலர் படுகாயமுற்றனர். கோயில் விழாவில் மரியாதை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது என்று நாளிதழ்கள் காரணங்களை அடுக்கின. ஊரார் சொன்ன இன்னொரு காரணத்துக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. அப்பகுதியில் நடந்த கஞ்சா விற்பனையைப் பற்றித் தலித் இளைஞர்கள் காவல்துறையிடம் சொன்னார்கள். அதுவும் பகையை வளர்த்தது என்றார்கள் அவர்கள். மிரட்டல் குறித்து முன்பே புகார் கொடுத்தோம், பாதுகாப்பு வரவில்லை என்றும் சொன்னார்கள். படுகொலைக்குப் பின் சார்பு ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

சென்னை நாட்குறிப்பும் கச்சநத்தத்துக் கஞ்சாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. கச்சநத்தத்து நிலையத்தில் எவரேனும் பணம் வாங்கினார் என்றும் சொல்லவில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட பொருள் தடையின்றி விற்கப்படும் ஊரில், அதைக் காட்டிக்கொடுப்பவர் யாருடைய பாதுகாப்பை நம்புவது? தகவல் சொன்னவரின் பெயர் நிலையத்துச் சுவருக்குள் நிற்கும் என்று எப்படி நம்புவது? தலைமை நாற்காலியைப் பற்றியே ஐயம் எழுந்து, அதை விசாரிக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்த காலத்தில், மானாமதுரைப் பக்கத்துச் சார்பு ஆய்வாளருக்கு மேலிருந்து சென்ற செய்தி என்னவாக இருந்திருக்கும்?

இங்கே 'மாமூல்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காரைக்குடிக் கடைவீதியில் அது காவலருக்கு வாரந்தோறும் போகும் காசு. சில கல் தொலைவில் தேவகோட்டை, கண்டதேவிப் பக்கம் போனால் அதே சொல்லுக்கு வேறு பொருள்: வழிவழி வந்த வழக்கம். யார் வடம் பிடிப்பது, யாருக்கு முதல் மரியாதை, யார் எட்ட நிற்பது என்பதெல்லாம் 'மாமூல்படி'. கண்டதேவித் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, நீதிமன்றத்தின் அழுத்தத்தால் 2024 ஜூன் 21 அன்று பெரும் காவல் பாதுகாப்போடு ஓடியது. அந்த மாமூலும் இந்த மாமூலும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் அன்று. எழுதப்படாத சட்டம் எழுதப்பட்ட சட்டத்தை வெல்லும் இடத்துக்குத்தான் இரண்டு வழக்கிலும் அந்தப் பெயர். இரண்டையும் காவல் நிலையம் ஒரே வகையில் காப்பாற்றுகிறது: ஒன்றும் எழுதாமல் இருப்பதன் மூலம்.

புகார் கொடுக்கக் கூடவே சென்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். முதலில் "பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். பிறகு சி.எஸ்.ஆர். ரசீது கிடைப்பதே பெரிய காரியமாகிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ற பெயரைச் சொன்னவுடன் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு புகார் முளைக்கும். வழிப்பறி என்றோ பெண்ணைக் கேலி செய்ததாகவோ இருக்கும். புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயினும் அந்த அறிக்கை இன்றும் பல நிலையங்களில் விலையுள்ள சரக்கு. கொடுக்கப் பணம் உள்ளவருக்கு அது கிடைக்கும், அல்லது அவர்மீது பதிவாகாமல் இருக்கும். பணமும் சாதியும் ஒருங்கே அமைந்தவருக்கு இரண்டும் நடக்கும்.

பெட்டிக்கடையில் ஹான்ஸ், கூல் லிப் பொட்டலங்களோடு பிடிபடும் கடைக்காரரின் படம் மறுநாள் செய்தித்தாளில் வரும். கடைக்குச் சீல் வைப்பார்கள். சாக்கடையின் நாற்றத்தைத் தாங்க அதை வாயில் அடக்கிக்கொண்டு இறங்கும் தூய்மைப் பணியாளரின் படம் எங்கும் வராது. வாய்ப்புண்ணோடு அவர் மதுரை இராசாசி மருத்துவமனைக்குப் போகும்போது, தடையை யார் யாருக்கு விற்றார் என்பதை அவரிடம் எவரும் கேட்பதில்லை. குட்கா ஊழலை அரசியல் கட்சிகள் கோடிகளின் கணக்காக மட்டும் பேசின. அந்தக் கோடிகள் யாருடைய ஈறுகளிலிருந்து வந்தவை என்று பேசவில்லை.

உயர் அதிகாரியின்மீது கைவைப்பது ஏன் இவ்வளவு கடினம்? ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பணியிலுள்ளவரானாலும் ஓய்வுபெற்றவரானாலும், அரசின் அனுமதியின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியாது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 17அ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பணி சார்ந்து எடுத்த முடிவுகள் தொடர்பாக விசாரணையைத் தொடங்கவே முன் அனுமதி வேண்டும் என்றது. குட்கா வழக்கில் சோதனை நடந்தது 2018 செப்டம்பர். முன்னாள் அமைச்சர்கள் இருவர், முன்னாள் காவல் உயர் அதிகாரிகள் இருவர் உட்பட 12 பேர்மீது வழக்குத் தொடர மத்தியப் புலனாய்வுத் துறை அனுமதி கேட்டது 2022 ஜூலை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. புகாரைப் பதிவு செய்யாததும் அந்தப் புறக்கணிப்பில் அடங்கும் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. ஆனால் துறைசார் விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் குற்றச்சாட்டைப் பதிய முடியும் என்றொரு தாழ்ப்பாளும் அதிலேயே இருக்கிறது. ஆக, அதிகாரி பணம் வாங்கினாலும், பணம் வாங்காமலேயே தலித்தின் புகாரைக் குப்பையில் போட்டாலும், அவரைத் தொடுவதற்கான திறவுகோல் அரசின் கையிலோ அவருடைய துறையின் கையிலோதான் இருக்கிறது.

காவலர்கள்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; ஓய்வுபெற்ற நீதிபதிகள் அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். தலைமை இயக்குநர்மீது புகார் வந்தால் அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே அமர்வார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமேயான நோய் அன்று. தாய்லாந்தின் தேசியக் காவல்துறைத் துணைத் தலைவர் சுராசேத் ஹக்பார்ன் இணையச் சூதாட்டப் பணத்தோடு தொடர்புடையவர் என்று குற்றம் சாட்டப்பட்டு, 2024 மார்ச்சில் அவரும் அவருடைய தலைவரும் ஒரே நாளில் பொறுப்பிலிருந்து நகர்த்தப்பட்டனர். அவர் மறுத்தார், அதிகாரப் போட்டி என்று பத்திரிகைகள் எழுதின. அதைவிட நமக்கு நெருக்கமானது 2021 ஆகஸ்டில் அங்கே கசிந்த காணொளி. நகோன் சவானில் ஒரு காவல் நிலையத்தின் தலைமை அதிகாரியும் அவருடைய ஆட்களும், போதைப்பொருள் வழக்கில் பிடிபட்ட 24 வயது இளைஞரின் தலையில் நெகிழிப் பைகளை மாட்டி மூச்சுத்திணற வைத்தனர். பணம் பறிக்கவே இப்படிச் செய்தார்கள் என்பது புகார். இளைஞர் இறந்தார். அந்த அதிகாரியின் வீட்டில் சொகுசுக் கார்கள் வரிசையாக நின்றன. 2022இல் ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது. அங்கே லஞ்சமும் சித்திரவதையும் ஒரே அறையில் காணொளியாகப் பதிவாயின. இங்கே அவற்றை இரண்டு துறைகளின் இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் அப்படியொரு அறை திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் திறந்தது. 2025 ஜூன் 28 அன்று, நகை காணாமல் போன புகாரில் பிடித்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி காவல்துறையின் தனிப்படையால் அடிக்கப்பட்டு இறந்தார். தனிப்படைக் காவலர்கள் ஐவர் கைதாயினர். துணைக் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாவட்டக் கண்காணிப்பாளர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். வழக்கு மீண்டும் மத்தியப் புலனாய்வுத் துறையிடம். கீழே சிறை, நடுவே பணியிடை நீக்கம், மேலே காத்திருப்பு என்ற இந்த வரிசை முதல் நாள்களிலேயே அமைந்துவிட்டது. தனிப்படை யாருடைய ஆணையில் இறங்கியது என்ற கேள்வியை உயர்நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது.

கச்சநத்தம் வழக்கில் சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தலித் மக்களும் வழக்கறிஞர்களும் விடாமல் நடத்திய போராட்டத்தின் பயன் அது. இவ்வகை வழக்குகளில் அரிதாகக் கிடைப்பது. அந்த 27 பேரில் காவல்துறையினர் எவரும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். இம்மாவட்டத்தில் 4ஆம் பிரிவின் கீழ் இதுவரை எத்தனை துறைசார் விசாரணைகளுக்கு ஆணையிடப்பட்டது, எத்தனையில் பரிந்துரை வந்தது, எந்தப் பதவிவரை அவை சென்றன என்ற மூன்று கேள்விகளை அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலம் வைக்க வேண்டும். குழுவில் இடம்பெற்றுள்ள தலித் உறுப்பினர்கள் அதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பதில் எழுத்திலேயே வரட்டும்.