நீதியரசர் ஆசனத்தை நிரப்புவது யார்?

ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் ஆசனமொன்று வெற்றிடமாவது வழமையான நிகழ்வே. நீதியரசர்கள் ஓய்வு பெறுகின்றனர். சிலர் பதவி விலகுகின்றனர். சிலர் பதவியில் இருக்கும்போதே காலமாகின்றனர். ஆனால், பதவிக்காலம் முடிவதற்கு நெடுநாள் முன்னரே ஓர் ஆசனம் திட்டமிட்டு வெறுமையாக்கப்பட்டு, இரண்டே நாட்களில் ஆட்சியாளருக்கு வேண்டியவரால் நிரப்பப்படுமாயின் அதனை வழமையான நிகழ்வாக எவரும் கொள்ள முடியாது. சிறிலங்காவில் 2013 ஆம் ஆண்டு தை மாதத்தில் நிகழ்ந்தது அதுவேயாகும்.

அன்றைய பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க, ஓய்வு வயதான 65 ஐ எட்டுவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அவரது தலைமையிலான நீதியரசர் குழாம், திவிநெகும சட்டமூலத்தை நிறைவேற்றுவதற்கு மாகாண சபைகளின் கருத்தைப் பெறவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வட மாகாண சபை அமைக்கப்படாதிருந்த அந்நாளில் ஆளுநரின் ஒப்புதல் சபையின் ஒப்புதலாகாது என்றும் கூறியது. 2012 கார்த்திகை 1 ஆம் நாள் அவருக்கு எதிரான குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. பாராளுமன்றத் தெரிவுக்குழு அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அக்குழுவின் முடிவு செல்லாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் 2013 தை 11 இல் பிரேரணை 155 வாக்குகளுடன் நிறைவேறியது. தை 13 இல் அவர் பதவி நீக்கப்பட்டார். தை 15 இல், முன்னாள் சட்டமா அதிபரும் அமைச்சரவையின் சட்ட ஆலோசகருமாக விளங்கிய மொகான் பீரிஸ் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அத்தீர்ப்பினை 2014 இல் உயர் நீதிமன்றமே இரத்துச் செய்தது.

கொழும்பின் அதிகாரப் போட்டியில் எமக்கென்ன என்று கேட்போர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு 2006 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகின்றோம். 1999 இல் சட்டமா அதிபர் பதவியிலிருந்து, மூத்த நீதியரசரான மார்க் பெர்னாண்டோவைத் தாண்டி, பிரதம நீதியரசராக்கப்பட்டவர் சரத் என். சில்வா. அவர் தலைமையிலான உயர் நீதிமன்றமே 2006 ஐப்பசியில் வடக்குக் கிழக்கு இணைப்பைச் செல்லாததாக்கியது. அதற்கு முந்திய மாதத்தில் சிங்கராசா வழக்கில், ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் தனிநபர்கள் முறையிடும் உரிமையைத் தந்த 1997 ஆம் ஆண்டின் இணக்கம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியதும் அந்நீதிமன்றமே. ஓர் ஆசனத்தை யார் நிரப்பினார் என்பதன் விளைவை எமது மக்கள் ஏழு ஆண்டுகள் கழித்து அனுபவித்தனர்.

அவ்வாறாயின் அந்த ஆசனத்தில் தமிழர் ஒருவர் அமர்ந்தால் போதுமா? 2015 தை மாத ஆட்சி மாற்றத்தின்பின், மொகான் பீரிசின் நியமனமே செல்லாதது என அரசதலைவர் மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். சிராணி பண்டாரநாயக்க தை 28 இல் மீண்டும் கடமையேற்று மறுநாளே ஓய்வு பெற, தை 30 இல் மூத்த நீதியரசர் க. சிறீபவன் பிரதம நீதியரசரானார். அது தகுதிக்கும் மூப்புக்கும் உரிய நியமனம் என்பதில் ஐயமில்லை. எமது மக்கள் மகிழ்ந்ததிலும் தவறில்லை. ஆயினும், ஒருவர் ஒரு கையெழுத்தினால் செய்ததை இன்னொருவர் இன்னொரு கையெழுத்தினால் மாற்றினார் என்பதே உண்மை. சர்வானந்தா 1984 முதல் 1988 வரை பிரதம நீதியரசராக வீற்றிருந்த காலத்திலும் எமது இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறைகளில் வாடினர். ஆகவே, அமர்பவரின் இனத்தை விட அவரை அமர்த்தும் முறையே முதன்மையானது என்பது எமது உறுதியான நிலைப்பாடு.

அந்த முறையோ நிலையற்றதாகவே இருந்து வந்துள்ளது. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. 2005 இல் உறுப்பினர்களின் காலம் முடிந்தபின் அது செயலற்றுப் போனது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதனை ஒழித்தது. 2015 இல் 19 ஆவது திருத்தம் மீட்டது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் ஒழித்ததோடு, உயர் நீதிமன்ற ஆசனங்களையும் 11 இலிருந்து 17 ஆக உயர்த்தியது. 2022 இல் 21 ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் கொண்டுவந்துள்ளது. ஆயினும் அதன் பத்து உறுப்பினர்களில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர்களே. பெயரை முன்மொழிபவரும் அரசதலைவரே.

நாம் வாழும் இந்நகரில் இதற்கு வேறொரு முறை உண்டு. 2009 சித்திரையில் எமது மக்கள் திரண்டு நின்று நீதி கேட்ட அதே பாராளுமன்றச் சதுக்கத்தின் ஓரத்தில், அவ்வாண்டு ஐப்பசியில் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பன்னிரண்டு ஆசனங்களில் ஒன்று வெற்றிடமானால் பகிரங்கமாக விண்ணப்பம் கோரப்படுகின்றது. நீதிமன்றத் தலைவரும், இங்கிலாந்து-வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் நியமன அமைப்புகளின் பிரதிநிதிகளும் அடங்கிய தெரிவுக்குழு தகுதியின் அடிப்படையில் ஒருவரைத் தெரிவு செய்கின்றது. நீதி அமைச்சர் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால், தாம் விரும்பியவரைத் தாமே புகுத்த இயலாது. இராச்சியத்தின் ஒவ்வொரு பகுதியின் சட்டத்திலும் அறிவும் அனுபவமும் உடையோர் நீதியரசர்களிடையே இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டின் சட்டம் அக்குழுவுக்குக் கட்டளையிடுகின்றது.

இந்த இறுதி அம்சத்தை எமது மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் சட்டம் தெரிந்த நீதியரசர் இலண்டனில் இருக்க வேண்டுமெனில், தேசவழமையும் தமிழும் தெரிந்த நீதியரசர்கள் கொழும்பில் இருக்க வேண்டியது சலுகையாகுமா? யாழ்ப்பாணத்து மண்ணில் காணி உரிமையையும் சீதனத்தையும் ஆளும் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்திலேயே எழுத்தில் தொகுக்கப்பட்ட சட்டமாகும். தமிழில் சாட்சியம் பதிவான வழக்கொன்றின் இறுதி முடிவை, அச்சாட்சியத்தை மொழிபெயர்ப்பில் மட்டுமே வாசிக்கும் ஒருவர் எழுதுவது நீதியின் நிறைவாகாது.

எனவே பின்வருவன எமது கோரிக்கைகளாக அமைய வேண்டும். உயர் நீதிமன்ற வெற்றிடங்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, வெளியிடப்பட்ட தகுதிகளின்படி நிரப்பப்படல் வேண்டும். நியமிக்கும் அமைப்பில் அரசியல்வாதிகள் பெரும்பான்மையாக இருத்தல் ஆகாது. அரசுக்காக வழக்காடும் சட்டமா அதிபர் அப்பதவியிலிருந்து நேரே பிரதம நீதியரசராவது தடுக்கப்பட வேண்டும். நீதியரசர் மீதான விசாரணை பாராளுமன்ற உறுப்பினர்களிடமன்றிச் சுயாதீனமான தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். நாட்டின் இரு மொழிகளும் பிரதேசச் சட்டங்களும் நீதியரசர் குழாத்தில் பிரதிபலிக்க வேண்டும்.

2013 இல் இத்தனை நடந்த பின்னரும், அதே ஆண்டு கார்த்திகையில் பொதுநலவாய நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் கோலாகலமாக நடந்தேறியது. அன்று காட்டப்பட்ட பாராமுகம் மீண்டும் நிகழாதிருக்க வேண்டுமெனில், பிரித்தானிய வாக்காளர்களான நாம் எமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போது போர்க்குற்ற விசாரணையோடு இவ்விடயத்தையும் முன்வைக்க வேண்டும். எமது மண்ணின் காணி வழக்கும் கைதியின் மேன்முறையீடும் இறுதியில் சென்றடையும் இடம் அந்த நீதிமன்றமே. அதன் ஆசனங்கள் எவ்வாறு நிரப்பப்படுகின்றன என்பதைத் தீர்ப்பு வந்த பின்னர் கேட்பதில் பயனில்லை. ஆசனம் வெற்றிடமாகும் அன்றே கேட்க வேண்டும்.