‘ஓடலை ப்ரோ’

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா சந்தையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருப்பேன். கைப்பேசியில் செய்தி வரும். ‘ப்ரோ, இருக்கீங்களா?’ இருக்கேன் என்று போட்டால் பத்து நிமிடம் கழித்து, ‘ஒரு சின்ன டவுட்.’ கேளுங்க. ‘கோடு ஓடலை ப்ரோ.’ கூடவே மடிக்கணினித் திரையைச் சாய்வாகப் பிடித்த ஒரு புகைப்படம். பிழைச்செய்தியில் எந்த வரி தேவையோ அது மட்டும் வெட்டுப்பட்டிருக்கும்.

இதைக் கேள்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போகிறவர்கூட எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டேன் என்று சொல்லித்தானே உட்காருகிறார்?

பாவம், புதுசு, இங்கிலீஷ் தகராறு என்று பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. தமிழிலேயே கேளுங்களேன். ‘பட்டனை அமுக்கினேன். லிஸ்ட் வரும்னு பார்த்தேன், வெள்ளைத் திரைதான் வருது. நேத்து வரைக்கும் வந்துச்சு. ராத்திரி டேட்டாபேஸ் வெர்ஷன் மாத்தினேன்.’ இவ்வளவுதான். இதில் எங்கே இங்கிலீஷ் இலக்கணம் வேண்டியிருக்கிறது? சீனியர்கள் எரிந்து விழுவதால் பயம் என்றால், அது நியாயம். நானும் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் பயந்தவன் விவரத்தை மறைக்கிறான், விவரம் இல்லாததால் மறுபடி திட்டு வாங்குகிறான்.

இதைவிட மோசம், பார்த்ததைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்வது. ‘டேட்டாபேஸ் பிரச்சினை ப்ரோ’ என்ற ஒரு வரியை நம்பி ஒரு முழு இரவு டேட்டாபேஸைத் துழாவியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் கோப்பின் பெயரில் ஒரு எழுத்து பெரிசு, சிறிசு. புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாதம் பிழையைத் தெரிவிப்பது எப்படி என்று 1999இலேயே கட்டுரை எழுதினார். நடந்ததையும் நீ ஊகிப்பதையும் கலக்காதே என்பதுதான் அதன் சாரம்.

நம்ம ஊர் வட்ட ரயில் பாதை ஞாபகம் இருக்கிறதா? 2016 ஆகஸ்ட் இறுதியிலும் பிறகு நவம்பரிலும் ஓட்டுநரில்லா ரயில்கள் சமிக்ஞை அறுந்து திடீர் திடீரென்று பிரேக் போட்டு நின்றன. வெளியிலிருந்து ஏதோ அலை குறுக்கிடுகிறது என்ற சந்தேகம் வேறு. நவம்பர் 5 அன்று அரசாங்கத் தரவு அறிவியலாளர்கள் சிலரிடம் சம்பவப் பட்டியல் வந்தது. அதில் இருந்தவை தேதி, நேரம், இடம், ரயில் எண், போன திசை. காரணம் என்று ஒரு பத்தி கிடையாது. நேரத்தையும் இடத்தையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் சம்பவங்கள் சாய்கோடுகளாக விழுந்தன. எதிர்த்திசையில் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டே, கடக்கிற ரயில்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போகிறது! அது இன்னொரு ரயில், பிவி46. நின்றுபோன ரயில்களின் எண்களை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது. மறுநாளே அந்த ரயிலை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள்.

திசை என்ற அந்தப் பத்தியை நினைத்துப் பாருங்கள். ‘ரயில் நின்னுடுச்சு, அது போதாதா, எந்தப் பக்கம் போனா என்ன’ என்று ஒருவர் அதை விட்டிருந்தால்? நம்ம ஆள் கண்டிப்பாக விட்டிருப்பார். ‘சிக்னல் பிரச்சினை ப்ரோ’ என்று மட்டும் அனுப்பியிருப்பார்.

நேர் எதிர் வகையும் இருக்கிறது: மூவாயிரம் வரியையும் அப்படியே ஒட்டிவிட்டு ‘பாருங்க’ என்கிறவர்கள். பிழை மறுபடி வரும்படியான இருபது வரியாக அதை வெட்டிக் கொடுங்கள் என்றால் கோபம் வருகிறது. வெட்டுவது என் வேலையாம்.

எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு செய்தி வரும். ‘சரியாகிடுச்சு ப்ரோ, தேங்க்ஸ்.’ எப்படி சரியாச்சுங்க என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது.