மீனுக்கு அறுப்பில்லை, விசாரணை உண்டு

விளைநிலத்திலிருந்து நேரே உண்கலத்துக்கு என்னும் முழக்கத்தோடு ஒருவகை உணவு விடுதிகள் நம் நகரங்களில் பெருகி வருகின்றன. பகட்டான மேசை விரிப்பில்லை. சாதாரண மரப்பலகை இருக்கை, மண்சட்டி, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய அன்றைய உணவுப் பட்டியல். எந்த ஊர்க் கத்தரிக்காய், எந்தக் கரை மீன் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நம் சமுதாயத்து இளைஞர்கள் சிலரும் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். அவர்கள் வாசலில் 'ஹலால்' பலகையும் தொங்குகிறது. இதுபற்றி நம்மவரிடையே இருவகைக் கருத்து நிலவக் காண்கிறோம். 'இது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கென்ன?' என்பார் ஒரு சாரார். 'ஹலால் பலகை இருக்கிறது. அப்புறம் என்ன கேள்வி?' என்பார் மற்றொரு சாரார். இரண்டும் தவறு, இரண்டாவது பெருந்தவறு.

முதற்சாராரை விரைவில் விட்டுவிடலாம். உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்பது மேனாட்டார் கண்டுபிடித்த நாகரிகம் அன்று. ஹளரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களுக்கு அவர்தம் பணியாளர் ஒருநாள் உண்பொருள் கொண்டுவந்தார். அவர்கள் உண்டபின்னர், அறியாமைக் காலத்தில் தாம் ஒருவனுக்குக் குறி சொல்லி ஏமாற்றியதையும், அதற்கு அவன் தந்ததே இப்பொருள் என்பதையும் அப்பணியாளர் தெரிவித்தார். கேட்ட மாத்திரத்தில் அவர்கள் தம் விரலை வாயிலிட்டு உண்டதனைத்தையும் வெளியேற்றினார்கள். புகாரியில் வரும் இச்செய்தியை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். அந்தப் பண்டத்தில் அழுக்கில்லை, நஞ்சில்லை. அது வந்த வழியில்தான் பழுது இருந்தது.

மேனாட்டிலே இவ்வியக்கம் பிறந்த கதையும் இகழத்தக்கதன்று. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் அம்மையார் 1971இல் 'ஷே பனீஸ்' விடுதியைத் திறந்து, அருகிலுள்ள உழவர்களிடமே காய்கனி வாங்கிச் சமைக்கும் வழக்கத்தைப் பரப்பினார். ரோம் நகரில் ஓர் அமெரிக்க விரைவுணவு விடுதி வந்ததை எதிர்த்து 1986இல் எழுந்த கிளர்ச்சியிலிருந்து கார்லோ பெத்ரீனியின் 'நிதான உணவு' இயக்கம் வளர்ந்தது. நம் பக்கத்திலேயே, ஆரோவில்லில், ஆங்கிலேயரான கிருஷ்ணா மெக்கன்சி ஜப்பானிய அறிஞர் ஃபுகுவோகாவின் வேளாண் முறையைத் தழுவி நடத்தும் 'சாலிட்யூட்' பண்ணையில் பாத்தியும் பந்தியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே பலகை வேண்டுவதில்லை, கண்ணே சாட்சி.

நகரத்தில் கண்ணுக்குப் பதிலாகப் பலகை வந்துவிடுகிறது. பலகை பொய் சொல்லக்கூடியது. அமெரிக்காவின் தம்பா வட்டார நாளேடு ஒன்றில் லாரா ரைலி என்ற உணவு விமரிசகர் 2016இல் ஒரு புலனாய்வு வெளியிட்டார். விடுதிகள் பெருமையோடு எழுதிவைத்த பண்ணைகளை அவரே தேடிச்சென்று வினவினார்; எங்களிடம் அவர்கள் வாங்குவதே இல்லை என்று பண்ணையார்கள் சிலர் கைவிரித்தனர். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நினைவுக்கு வரவில்லையா? சுண்ணக்கட்டி எழுத்து மேற்குவியல். கைவிட்டுப் பார்ப்பார் யார்?

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் இத்தகைய விடுதிக்கு என்னை அழைத்துச் சென்றார். கரும்பலகையில் 'பழவேற்காட்டு ஏரி இறால்' என்றிருந்தது. பரிமாறிய பிள்ளையிடம், "தம்பி, எந்தக் குப்பத்தார் பிடித்தது?" என்றேன். அவன் விழித்தான், உள்ளே போய்க் கேட்டுவந்து, "குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருதுங்க" என்றான். மாணவருக்குச் சங்கடம். "ஹஜ்ரத், ஆடு கோழியென்றால் கேட்கலாம். இறாலுக்கும் மீனுக்கும் அறுப்பா இருக்கிறது, விசாரிப்பதற்கு?" என்றார்.

நம்மில் பலருடைய மனத்திலும் உள்ள வாதம் இதுதான். இதை நான் மறுக்கிறேன். ஆட்டின் ஹலால் கத்தியிலும் நாவிலும் பாதி முடிந்துவிடுகிறது. மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டுள்ளன. (இறால், நண்டு பற்றிய கருத்து வேற்றுமைகள் தனிக்கட்டுரைக்குரியவை.) அப்படியானால், மீனிலே ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே நிற்பது எது? அது கைமாறிய முறை ஒன்றுதான். ஆட்டுக்குக் கேட்பதைவிட மீனுக்கு அதிகமாகக் கேட்கவேண்டும். திருமறை 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்துச் சொல்வதை நாம் ஓதுகிறோம். பலகையில் ஒன்றைமட்டும் எழுதுகிறோம்.

இனிக் கோட்டைக்குப்பத்துக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே, 1613இல் டச்சுக்காரர் கெல்த்ரியாக் கோட்டை கட்டிய பழவேற்காட்டை அடுத்த மீனவர் குப்பம். மரக்காயர் வணிகத்தால் பெயர்பெற்ற துறையாதலின் நம் சமுதாயத்துக்கும் அந்த ஊருக்கும் உறவு பழையது. அங்கே ஏரியில் மீன்பிடிக்க 'பாடு' என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று எனக்கு நல்ல இடமானால் இன்னொரு நாள் உனக்கு. வலியவன் நாள்தோறும் வாயிலை மறிக்கமுடியாது. இம்முறையில் இடம்பெறாத இருளர் போன்றோரின் குறை வேறு இருக்கிறது. அதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், எழுதப்படிக்கத் தெரியாத முன்னோர் வகுத்த இப்பங்கீட்டைப் பார்க்கும்போது நம் கூட்டு வணிகங்களின் கணக்கு வழக்குகளை எண்ணி வெட்கமாயிருக்கிறது.

ஆனால் இந்த நியாயம் நீரோடு நின்றுவிடுகிறது. கரையேறியதும் வேறு சட்டம். தமிழ்க் கடற்கரை நெடுகிலும் உள்ள வழக்கம் இது: வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார், வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே கொடுக்கவேண்டும், விலையை அவரே சொல்வார். கடன் தீரும்வரை கட்டு அவிழாது, கடனோ தீர்வதில்லை. கடன் கொடுத்தவர் அக்கடனைக் காட்டி அடையும் ஆதாயம் வட்டியின் பாற்படும் என்பது ஃபிக்ஹு நூல்களில் சிறுவரும் படிக்கும் விதி. சந்தை விலைக்குக் கீழே அடித்து வாங்கும் ஒவ்வொரு கூடையிலும் அந்த ஆதாயம் இல்லையா? நீரிலுள்ள மீனை விற்பதைக் 'கரர்' என்றும், சரக்கு கொண்டுவருவோர் சந்தை விலை அறியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதைத் 'தலக்கீ' என்றும் நம் இமாம்கள் தடுத்துவைத்தார்களே, அவை கிதாபுகளின் அலங்காரத்துக்கா? வட்டிக் கடையில் காலெடுத்து வைக்காத நம் குடும்பத்தார், அதே வட்டியை மசாலா தடவி வறுத்துத் தந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்கிறோம்.

'முன்பணம் உதவியல்லவா? வங்கி அவனைத் திரும்பிப் பார்க்குமா?' என்று கேட்பார்கள். உதவிதான். அதற்கு ஷரீஅத்தில் நேரான வழியும் இருக்கிறது. 'ஸலம்' எனும் முன்விலை வாணிபத்தில் பணம் முழுவதையும் முதலிலேயே கொடுக்கலாம். ஆனால் என்ன மீன், எத்தனை எடை, எந்த நாள், என்ன விலை என்பது அப்பொழுதே முடிவாகவேண்டும். விலையைப் பின்னால் கடன்காரர் சொல்வார் என்பது ஸலம் அன்று, அதன் வேடம்.

ஏரியின் பெயரை விற்போர்க்கு இன்னுமொரு கேள்வி. 2009இல் நம் நாட்டில் வணிக வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட 'வன்னாமை' இறால் தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்த இனம். பண்ணைக் குட்டையில் வளர்வது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். குட்டை இறாலை ஏரி இறால் என்றெழுதினால் ஏமாறுவது உண்பவர்மட்டுமல்லர். முகத்துவாரம் தூர்ந்து போவதையும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தையும் எதிர்த்துக் குரல்கொடுத்து, உண்மையான ஏரி இறாலுக்காக அந்நீரைக் காத்து நிற்பவனுடைய விலையும் அங்கே களவாடப்படுகிறது. ஊர்ப்பெயரைக் காட்டிக் கூடுதல் விலை வாங்கும் விடுதி, அந்த ஊரின் துயரில் ஒரு வரியாவது பேசியதுண்டா?

இவை நடவாத காரியங்கள் என்பார்க்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். இலங்கையின் வடபகுதியில் வேளாண் திணைக்களத்தின் ஆதரவில் 'அம்மாச்சி' என்னும் உணவகங்கள் நடக்கின்றன. உள்ளூர்ப் பெண்களே உள்ளூர் விளைபொருளை வாடிக்கையாளர் கண்முன் சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள்; வருவாய் அவர்களைச் சேர்கிறது. கரும்பலகைக் கவிதை எதுவும் அங்கில்லை. ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து மீனுண்ண வரும் கூட்டத்துக்குக் கோட்டைக்குப்பத்துப் பெண்கள் இப்படியொரு சமையற்கூடம் நடத்தினால் ஆகாதா? இடம் கொடுக்க ஊராட்சியும், கைகொடுக்கப் பழவேற்காட்டு ஜமாஅத்தும் முன்வரலாம். பனையோலைப் பெட்டி முடையும் நம் பெண்மக்களுக்கும் அங்கே விற்பனைக்கு ஓர் இடம் கிடைக்கும்.

சென்னையிலுள்ள நம் விடுதிக்காரர்கள் செய்யக்கூடியது அதனினும் எளிது. நால்வர் ஐவர் கூடி, அந்த மூன்று குப்பத்து மீனவரோடு பருவத்துக்கு ஒருமுறை ஸலம் ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். கரையிறங்கிய குப்பம், நாள், மீனவருக்குக் கொடுத்த விலை ஆகியவற்றை அதே கரும்பலகையில் எழுதட்டும். தட்டுக்குப் பத்து இருபது ரூபாய் கூடுமானால் கூடட்டும். வலீமா விருந்தில் எச்சிலாகக் கொட்டும் சோற்றைவிட அது குறைவுதான். ஒப்பந்தப் படிவம் எழுதித்தர எந்த மத்ரஸா ஆசிரியரும் கூலி கேட்கமாட்டார். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.