ஃபோர்டு போனது, தினேஷ் நின்றது

2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகர் ஆலையில் அப்போது சுமார் 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள். முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது; இவர்கள் பேசுவதற்கு மிஞ்சியது இழப்பீட்டுத் தொகை மட்டும்தான். உதிரிபாகப் பட்டறைகளும் ஆலை வாசல் டீக்கடைகளும் அந்தக் கணக்கில்கூட வரவில்லை.

முதலாளித்துவத்துக்கு மாற்று எது என்ற கேள்வி நம் வீடுகளுக்குள் இப்படித்தான் நுழைகிறது. கம்யூனிசம் என்றதும் "நாத்திகம்" என்று சொல்லி நம்மில் பலர் பேச்சை முடித்துவிடுகிறோம். இறைநம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. ஆலையை ஆள்வது யார் என்பது வேறு கேள்வி.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியைச் சந்தித்த ஷி ஜின்பிங், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். அவருடைய நாட்டில் தொழிலாளி சுதந்திரமாகச் சங்கம் வைக்க முடியாது. உய்குர் முஸ்லிம்கள் மீதான கொடுமைகளை 2022இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கையாகவே வெளியிட்டது. ஜனநாயகம் இல்லாத கம்யூனிசம் முதலாளியின் நாற்காலியில் கட்சியை உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். மேற்கு வங்கத்தில் ஓட்டு இருந்தது. அதனால்தான் நந்திகிராம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 34 ஆண்டு இடதுசாரி ஆட்சியை மக்கள் 2011இல் இறக்க முடிந்தது.

கேரளத்தில் 1967இல் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் முஸ்லிம் லீக்கும் இருந்தது. பீடித் தொழிலாளர் நலனுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த அரசு அமல்படுத்தத் தொடங்கியதும், கண்ணூர்ப் பகுதியின் தனியார் பீடிக் கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டன. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். பங்குத் தொகைக்கு அரசு கடன் கொடுக்க, 1969இல் தொழிலாளர்களே சேர்ந்து தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். பின்னாளில் 30,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை பார்த்தார்கள். சங்கத்தின் இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பீடி சுற்றியவர்களே. (பீடிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மேலப்பாளையத்தில் நம் பெண்கள் வீட்டிலிருந்து சுற்றித் தரும் பீடிக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியும்.) பீடி விற்பனை சரிந்தபோது குடை, உணவுப் பொருள் என்று தொழிலை மாற்றிக்கொண்டார்கள். காங்கிரஸ் ஆட்சியிலும் கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் தினேஷ் நின்றது.

நம் ஃபிக்ஹ் சொத்துரிமையை மறுக்கவில்லை. கூட்டு வியாபாரத்தில் இலாபத்தோடு நட்டத்தையும் பங்கிடச் சொல்கிறது. அந்த வகையில் தினேஷ் நமக்கு அந்நியமானதல்ல.

ஆனால் பீடிக்கு இலையும் கையும் போதும். கார் ஆலைக்குப் பல நூறு கோடி முதலும் உலகச் சந்தையும் வேண்டும். மறைமலை நகரை 2,600 பேர் எடுத்து நடத்தியிருக்க முடியும் என்று நாம் நம்பவில்லை. அவர்களுக்கு நிர்வாகத்தில் ஓர் இருக்கை கிடைத்திருக்கலாம். ஜெர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. அங்குள்ள ஃபோர்டு கம்பெனியும் அதற்கு உட்பட்டதே. 2024இல் மறைமலை நகருக்குத் திரும்ப விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. கொலோனில் தருவதை இங்கே ஏன் தரக்கூடாது என்று ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சியினரிடமும், முதலில் தோழர்களிடம், நாம் கேட்கலாம்.