மலை காட்சிப்பொருள் மட்டுமா?

செமிலிங் வட்டார மக்களின் கண்ணில் அன்றாடம் படுவது ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, அக்காலத்தில் கடாரத்தை நாடி வந்த மாலுமிகளுக்குக் கரை காட்டியது. இன்று அது விடுமுறைப் பயணிகளை ஈர்க்கும் சுற்றுலாத் தலமாகத் திகழ்கிறது.

வளைந்து ஏறும் சாலையில் உச்சியை அடையும் பயணியைக் குளிர்ந்த காற்று வரவேற்கிறது. கீழே யான் வயல்வெளிகளும் அப்பால் மலாக்கா நீரிணையும் மனத்தைக் கவர்கின்றன. மூடுபனி கவிந்தாலோ ஒன்றும் தெரிவதில்லை. சிலர் சலித்துக்கொள்கின்றனர். ஆனால், மூடுபனி மலையின் இயல்பு. அதைக் குறை எனல் தகாது. பயணிகள் வீசிச் செல்லும் நெகிழிப் பைகளே உண்மையான குறை.

சுற்றுலாவால் சிறு வணிகர்கள் பிழைக்கின்றனர் என்பது உண்மைதான். எனினும், மலையடிவார மக்களின் பாதுகாப்பு அதனினும் முக்கியமன்றோ? 18.8.2021 அன்று பெய்த கனமழையில் ஜெராய் மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. பாறைகளும் மரங்களும் வெள்ளத்தோடு உருண்டு வந்தன. யான், மெர்போக் வட்டாரங்களில் வீடுகள் சேதமுற்றன, உயிர்களும் பறிபோயின. கனமழையை மனிதரால் தடுக்க இயலாது. ஆனால், மண்ணை வேர்களால் பற்றி நிற்கும் காட்டைக் காக்க இயலும்.

ஆகவே, மலையில் புதிய விடுதியோ சாலையோ அமைக்குமுன் சரிவின் உறுதியை ஆராய வேண்டும். அடிவார மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். பயணிகளும் தாங்கள் கொண்டு சென்ற குப்பையைத் தாங்களே கீழே கொண்டுவர வேண்டும். பயணி ஒரு நாளில் திரும்பிவிடுவார். அடிவாரத்து மக்களோ ஒவ்வொரு மழைக்கும் அம்மலையை அண்ணாந்து பார்த்தபடி வாழ்கிறார்கள்.