பாட்டு பீரியடைப் பிடுங்காதீர்கள்



தலைமையாசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், "பாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டோம் சார்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கணக்குதான் உசத்தியா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஜான் சௌனிங் தாள வாத்தியக்காரர், பொறியாளர் அல்ல. 1964-ல் பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போய், மேக்ஸ் மேத்யூஸின் இசை நிரலைத் துளையட்டைகளில் வாங்கிவந்து, பல்கலைக்கழகக் கணினியில் ஓட்டினார். 1967-ல் ஓர் ஒலியை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சுரத்தை அசைப்போமே, அதுபோல. அசைவை வேகமாக்கிக்கொண்டே போனார். ஓர் எல்லைக்குமேல் அசைவே காதுக்குத் தெரியவில்லை. முற்றிலும் வேறொரு நாதம் கேட்டது. அதே வழியில் மணியோசையும் வந்தது, பித்தளைக் குழலோசையும் வந்தது. முதலில் கண்டுபிடித்தது காது. கணக்கு அப்புறம்தான் வந்தது.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? அவருக்கு நிரந்தரப் பதவி தர மறுத்தது! அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளும் அவர் கண்டுபிடிப்பை வேண்டாம் என்றன. ஜப்பானின் யமஹா உரிமம் வாங்கியது. அதன்பின்தான் அவரைத் திரும்ப அழைத்தார்கள். 1975-ல் அங்கே கணினி இசை மையம் பிறந்தது. 1983-ல் டிஎக்ஸ்7 கீபோர்டு கடைக்கு வந்தது. அந்தக் காப்புரிமையால் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வருமானம். (காசு வராவிட்டாலும் பாட்டு பாட்டுதான். பயனை மட்டும் கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

தம்பி, திங்கட்கிழமை அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.