காசு வாங்காத ஜூக்பாக்ஸ்

பழைய ஜூக்பாக்ஸ்களைச் சீர்செய்து விற்கும் அமெரிக்கர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மரச்சட்டத்தை மெருகேற்றுகிறார்கள். குமிழிகள் ஓடும் வண்ணக் குழாய்களை மாற்றுகிறார்கள். ஒலிபெருக்கிக்கான வால்வுகளைத் தேடியலைந்து பொருத்துகிறார்கள். காசுப்பொறியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, இலவசமாகப் பாடவைக்கும் பொத்தான் ஒன்றை அங்கே பதித்து, ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். இதைப் புதுப்பித்தல் என்று ஒப்புக்கொள்ள நாங்கள் தயாராக இல்லை.

1889-ல் சான் பிரான்சிஸ்கோ மதுக்கூடமொன்றில் லூயிஸ் கிளாஸ் வைத்த ஃபோனோகிராஃபில் ஒலிபெருக்கியே கிடையாது. குழாயைக் காதில் வைத்துத்தான் கேட்கவேண்டும். ஆனால் காசுத் துவாரம் இருந்தது. 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் காசு போட்டால் பாடும் இயந்திரத்துக்குத் தனிச் சலுகை தந்தது: நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் அது பாடினால் இலாபத்துக்கான பொது நிகழ்ச்சி ஆகாது. விளைவு, 1978 வரை அப்படி ஒலித்த பாட்டுக்கு இயற்றியவருக்கு நிகழ்த்துரிமைத் தொகை கிடைக்கவில்லை. அந்த அநீதியின் சாட்சியம் அந்தத் துவாரம். அதை மூடிவிட்டு வண்ண விளக்குகளை மட்டும் ரசிப்பது யாருக்கு வசதி?

பொறியின் நுட்பத்தைப் பார்த்தவர்கள் அதைக் குப்பையில் போடமாட்டார்கள். விழும் காசைச் சிறு தொட்டில் ஒன்று எடை பார்க்கிறது. அளவில் சிறியது நழுவி வெளியேறும். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். நல்ல உலோகம் காந்தத்தைக் கடக்கையில் சுழல் மின்னோட்டத்தால் வேகம் குறையும். குறையவேண்டிய அளவுக்குக் குறைந்தால்தான் சரியான வழியில் விழும். இத்தனை சோதனைக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியதில்லை. 1965-ல் வெள்ளியைக் கைவிட்டு டைம், குவார்ட்டர் நாணயங்களைச் செம்பின்மேல் செம்பு-நிக்கல் தகடு பொதிந்து அச்சிட்டபோது, இத்தகைய பொறிகள் புதுக் காசை மறுக்கக்கூடாதென்பதையும் கணக்கில் கொண்டே உலோகத்தைத் தேர்ந்தார்கள். ஓர் அரசாங்கம் காட்டிய மரியாதையை இரசிகர் காட்டக்கூடாதா?

அடிக்கடி சிக்குகிறதே என்பார்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூளையும், யாரோ புண்ணியவான் விட்ட எண்ணெயில் படிந்த அழுக்கையும் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும். எண்ணெய் மட்டும் விடவே கூடாது. வார்ப்புப் பாகம் வெடித்துப்போயிருந்தால் அதே வகைப் பொறியை வேறிடத்தில் தேடிப் பொருத்தட்டும். அதில் எங்களுக்குப் பிணக்கில்லை. 1971-ல் பிரிட்டன் பதின்ம நாணயத்துக்கு மாறி, மூன்று பென்னி செல்லாக்காசானபோது அதை வாங்கிய பொறிகளை மாற்றித்தான் ஆகவேண்டியிருந்தது. இயந்திரம் தன் தொழிலைத் தொடரச் செய்த மாற்றம் அது. அப்படி மாற்றியதை இன்று பிடுங்கிப் பழையபடி ஆக்குவதும் எங்களுக்கு உடன்பாடில்லை.

வீட்டுக் கூடத்தில் யார் காசு போடுவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. வர்லிட்சர் 1015 வெளிவந்த 1946-ல் அச்சிட்ட நிக்கலும் இன்றைய நிக்கலும் ஒரே எடை, 5 கிராம். கலவையும் அதே 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். ஒரு கிண்ணம் நிறைய வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். தீர்ந்துவிட்டால் காசுப்பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், சாவி உங்களிடம்தானே இருக்கிறது.